பின்னுக்கு நிற்கிறவன்

1

இந்த வருடத்து விளம்பரம் போன கிழமை வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் கனடாக் கிளை நடத்துகிற கோடைகால உதைபந்தாட்டப் போட்டி. வழக்கமான மஞ்சள் எழுத்து. நாலு மூலையிலும் அனுசரணையாளர்களின் சிரித்த முகங்கள்: வீடு விற்கிறவர், காப்புறுதி விற்கிறவர், நகைக்கடைக்காரர், பல் வைத்தியர். கடைசியாகச் சொன்னவர்தான் எனக்குச் சம்பளம் தருகிறவர். அவருடைய கிளினிக்கில் முன்மேசையில் இருப்பவள் நான். வாயைத் திறக்கப் பயப்படுகிற சனத்தோடு என் பகல் போகும். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வாயை மூடத் தெரியாத ஒருவர் இருப்பார். அவர் என் கணவர். கழகத்தின் தலைவரும் அவரே.

போன வருட விளம்பரத்தின் நடுவில் என் தங்கை மகன் அகிலனின் படம் இருந்தது. இந்த வருடம் அந்த இடத்தில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் கனத்துவிட்டது. ஒரு வருடம் ஓடிப்போய்விட்டது, இனியும் எழுதாமல் விட்டால் மறந்துவிடுவேன் என்று தோன்றியது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் கனடா என்றதும் பனியைத்தான் நினைப்பீர்கள். பனிக்காலத்தை நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ கழித்துவிடுவோம். வெயில் வந்ததும் ஊராக மாறிவிடுவோம். ஜூன் பிறந்தால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மைதானம் இருக்கிற பூங்கா எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம்தான். அங்கே குறுக்கே ஓடுகிற ஒரு சின்ன ஒழுங்கை மட்டும் பிரிக்கிற இரண்டு ஊருக்கு இங்கே இரண்டு கழகம், இரண்டு நிறச் சட்டை, இரண்டு நிர்வாகசபை. எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் பந்தால் வந்த பகை கடல் தாண்டி வந்து குடியுரிமையும் எடுத்துவிட்டது. பல வருடமாக நாங்கள்தான் தோற்கிறோம். என் கணவருக்கு அது சீனி வருத்தத்தை விடப் பெரிய வருத்தம்.

2

அகிலன் பிரான்சில் தொழில்முறை உதைபந்தாட்டக்காரனாக இருந்தவன். எங்கள் குடும்பத்தில் இந்த வசனத்தைச் சொல்லி முடிக்கும் முன்னரே அடுத்த கேள்வி வந்துவிடும்: எத்தனை கோல் அடித்தான்?

என் தங்கை வதனி கலியாணம் கட்டிப் பாரிசுக்குப் போனாள். நான் ரொறன்ரோவுக்கு வந்தேன். என் முதல் வீடு சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு உயரக் கட்டடத்தின் ஒற்றை அறை. அவளுக்குப் பாரிசின் புறநகரில் அதே மாதிரி ஒரு கட்டடம். போனில் நாங்கள் இரண்டு பேரும் அதிகம் கதைத்தது லிஃப்ட் பழுதானதைப் பற்றித்தான். அவளுடைய கட்டடத்தின் கீழே இருந்த சீமெந்துத் தரையில் அகிலன் பந்து பழகினான். அங்கே ஆபிரிக்கப் பிள்ளைகள், அரபுப் பிள்ளைகள், தமிழுக்கு இவன் ஒருவன். எல்லாரும் கோல் அடிக்க முன்னுக்கு ஓடினால் பின்னுக்கு நிற்க ஆள் இல்லை. இவன் அமைதியான பிள்ளை. நில் என்று சொன்ன இடத்தில் நின்றான். அவனுடைய தொழில் அப்படித் தொடங்கியது.

பதின்மூன்று வயதில் ஒரு கழகத்தின் பயிற்சிப் பள்ளி அவனை எடுத்தது. பதினெட்டில், உயரம் காணாது என்று விட்டுவிட்டது. பிறகு ஒரு சின்ன நகரத்தின் நாலாம் பிரிவுக் கழகம். பகலில் சப்பாத்துக் கடையில் வேலை, பின்னேரம் பயிற்சி. அங்கிருந்து மூன்றாம் பிரிவு, பிறகு இரண்டாம் பிரிவு. அவனுடைய நல்ல வருடங்கள் எல்லாம் இரண்டாம் பிரிவில்தான் போயின. ஒரே ஒரு பருவம் அவனுடைய கழகம் முதலாம் பிரிவுக்கு ஏறியது. அந்த வருடம், உலகமே பெயர் சொல்லுகிற முன்வரிசைக்காரர்களுக்குப் பின்னால் இவனும் ஓடினான். அடுத்த வருடம் கழகம் திரும்ப இறங்கியது. இவ்வளவு காலத்தில் அவன் அடித்த கோல்களை ஒரு கை விரல்களில் எண்ணலாம். அதில் ஒன்று தங்கள் பக்கத்துக் கோலுக்குள்ளேயே போனது.

சட்டையின் முதுகில் இருந்தது அவன் பெயர் இல்லை. எங்கள் வழக்கப்படி தகப்பனின் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருந்தது: செல்லத்துரை. பிரெஞ்சு அறிவிப்பாளர்கள் அதைப் படாத பாடு படுத்துவார்கள். என் தங்கையின் கணவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவியவர். மைதானத்தில் அத்தனை வெள்ளைக்காரரும் தன் பெயரைக் கத்துவதைக் கேட்டுவிட்டு வந்து எனக்குப் போன் எடுப்பார். "உங்கடை அப்பாகூட என்னை இப்பிடி மரியாதையாக் கூப்பிட்டதில்லை, மச்சாள்" என்பார். மகனின் ஆட்டம் ஒன்றையும் அவர் விட்டதில்லை. சில வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

வதனி ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை.

சரியாகச் சொன்னால், ஒன்றில் பாதி பார்த்தாள். அகிலன் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த புதிதில் புதுச் சேலை உடுத்து ஆசையாகப் போனாள். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணிப் பிள்ளையின் முழங்கை பட்டு அகிலனின் புருவம் பிளந்தது. முகமெல்லாம் இரத்தம். பெற்ற தாயின் கண்தான் பிள்ளைக்கு முதலில் படும் என்று எங்கள் சனம் சொல்வது உங்களுக்குத் தெரியும். தன் கண்தான் பட்டது என்று வதனி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அவன் பந்து விளையாடுகிற காலம் முழுக்க அதைத் தான் பார்ப்பதில்லை, அவனை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளையாரோடு ஒரு ஒப்பந்தம் போட்டாள். மைதானத்துக்கும் போவதில்லை, தொலைக்காட்சியிலும் பார்ப்பதில்லை. ஆட்டம் நடக்கிற நேரம் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு தூளுக்கு மிளகாய் வறுப்பாள். இவன் விளையாடுகிறான் என்பது கட்டடத்துச் சனத்துக்கு இருமலில் தெரிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் வெளியே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: காயம் ஒன்றும் இல்லையே? வென்றார்களா என்று அவள் கேட்டதே இல்லை.

நான் ஆரம்பத்தில் அவளைப் பகிடி பண்ணியிருக்கிறேன். வருடம் வருடமாக அவன் கை கால் முறியாமல் ஓடியபோது எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. பகிடியை விட்டுவிட்டேன்.

3

முப்பத்திரண்டு வயதில் அவனுடைய வலது முழங்கால் போனது. யாரும் அடிக்கவில்லை, விழுத்தவில்லை. பயிற்சியில் சும்மா திரும்பும்போது உள்ளே ஏதோ அறுந்தது. சத்திரசிகிச்சை நடந்தது, ஒப்பந்தமும் அதோடு முடிந்தது. வேறு கழகம் ஒன்றும் கூப்பிடவில்லை. பல மாதம் பூங்காவில் தனியாக ஓடினான்.

அப்போதுதான் அவனுடைய முகவர், ரொறன்ரோவுக்கு வடக்கே பயிற்சி மைதானம் வைத்திருக்கிற ஒரு தொழில்முறைக் கழகத்தோடு கதைத்தார். வந்து சில கிழமை அவர்களோடு பயிற்சியில் நிற்க வேண்டும். அவர்களுக்குப் பிடித்து, வைத்தியப் பரிசோதனையும் சரிவந்தால் இரண்டு பருவத்துக்கு ஒப்பந்தம். சரிவராவிட்டால் வேறு வழி இல்லை. அகிலனுக்கு அதைவிட்டால் வேறு தொழில் தெரியாது. பதின்மூன்று வயதில் இருந்து அவன் செய்தது இது ஒன்றுதான்.

விமான நிலையத்திலேயே ஒரு கூத்து நடந்தது. யார் வீட்டில் தங்கப்போகிறாய் என்று அதிகாரி கேட்க, இவன் தன் அரைகுறை இங்கிலிசில் "பிக் மதர்" என்றிருக்கிறான். வெளியே காரில் காத்திருந்த எனக்குக் கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. உங்கள் பேரன் இங்கே நிற்கிறான், நீங்கள்தானே அம்மம்மா என்று ஒருவர் மிக மரியாதையாகக் கேட்டார். ஐம்பத்தெட்டு வயதில், தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு, முப்பத்து மூன்று வயதுப் பேரனுக்கு உரித்துக் கோரி நான் காரில் இருந்து இறங்கி ஓடினேன்.

ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில் எங்களுடைய வீடு இரண்டு அறை. ஒன்றை அவனுக்குக் கொடுத்தோம். விடிய எழும்புவான், பாயை விரித்து முழங்காலை மடக்கி நீட்டுவான். பிறகு இவர் அவனை வேலைக்குப் போகிற வழியில் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுவார். என்னுடைய பிரச்சினை சாப்பாடு. அவித்த கோழி, உப்பில்லாத மரக்கறி, நிறுத்துப் போட்ட சோறு. வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் என் கை அழுகிப்போகாதா? ஒருநாள் மட்டன் ரோல்ஸ் சுட்டு, பொன்னிறமாக, வாசனையோடு அவன் முன்னால் வைத்தேன். ஒன்றைக் கையில் எடுத்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கோப்பையில் வைத்தான். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு சாப்பிடுகிறேன் பெரியம்மா என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது.

என் மகள் மதுரா விட்பியில் இருக்கிறாள். புது வீடு, பெரிய வாகனத் தரிப்பிடம், தமிழில் கேட்டால் இங்கிலிசில் பதில். மாதத்துக்கு ஒருமுறை வருவாள், சாப்பிட்டதும் நெடுஞ்சாலையில் நெரிசல் வந்துவிடும் என்று கிளம்புவாள். அகிலன் வந்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வரத் தொடங்கினாள். அவனுக்கு இங்கிலிஸ் ஓடாது. அவள் பள்ளியில் படித்த பிரெஞ்சு எப்போதோ மறந்துபோனது. வேறு வழி இல்லாமல் இரண்டு பேரும் தமிழில் கதைத்தார்கள். "அண்ணா, ஐ மீன், இந்த இடத்திலை நோகுதா?" என்று அவள் அவனுடைய முழங்காலைக் காட்டிக் கேட்டபோது நான் குசினியில் நின்றேன். நோகுதா என்ற சொல்லை அவள் இவ்வளவு காலம் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியாது. கண் கலங்கியது. வெங்காயம் ஒன்றும் உரிக்கவில்லை.

அவன் என்ன செய்கிறான் என்பதை அவள்தான் எங்கள் வீட்டில் முதன்முதல் கேட்டாள். எத்தனை கோல் என்று கேட்கவில்லை.

"நான் பந்தைப் பாக்கிறது குறைவு" என்றான். "ஆளைப் பாப்பன். அவன் எங்கை போக நினைக்கிறானோ அங்கை நான் முதல்லை போய் நிண்டால் அவன் வரமாட்டான். ஒண்டும் நடக்காது."

"சோ, ஒண்டும் நடக்காட்டி?"

"நான் நல்லா விளையாடினனான் எண்டு அர்த்தம்."

4

அவன் வந்து ஒரு மாதம் ஆவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. கழகத்தின் செயலாளர் ரஞ்சன் பம்பரம் மாதிரி வேலை செய்கிறவர். அகிலனின் படத்தை இணையத்தில் எடுத்து, பின்னால் ஐபிள் கோபுரத்தை வைத்து, கீழே "பிரான்ஸ் நாட்டின் கோல் மன்னன் எமது அணியில்" என்று போட்டு எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார். அகிலனிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை, எங்கள் ஊர்க் கழகம், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது இவருடைய நினைப்பு.

அகிலன் பாரிசில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனவன். எழுத்துக் கூட்டி வாசித்தான். கோல் மன்னன் என்ற இடத்துக்கு வந்ததும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தன்னால் விளையாட ஏலாது என்றான். பயிற்சிக்கு வந்த கழகத்தின் கட்டளை அது. வெளியே எந்த ஆட்டத்திலும் கால் வைக்கக் கூடாது. வைத்தது தெரிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இவர் விடவில்லை. ஒரு பாதி மட்டும், பத்து நிமிடம் மட்டும், சும்மா வந்து பந்தைத் தொட்டுவிட்டுப் போ என்று படிப்படியாக இறங்கினார்.

"பெரியப்பா, ஏலாது. இது என்ரை கடைசிச் சந்தர்ப்பம்."

அதற்குப் பிறகு இவர் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. எங்கள் கலியாண வாழ்க்கையில் அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை, அதைக் கொஞ்சம் அனுபவித்தேன் என்றும் சொல்ல வேண்டும். ஆனால் விளம்பரத்தை மீட்டுக்கொள்ளச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பக்கத்து ஊர்க்காரர் என்ன சொல்லுவார்கள்? ரஞ்சன் போன் எடுக்கும்போதெல்லாம், கதைச்சுக்கொண்டிருக்கிறன், கதைச்சுக்கொண்டிருக்கிறன் என்று சமாளித்தார். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பாரிசில் இருந்து வதனி தினமும் போன் எடுத்தாள். ஒப்பந்தம் வருமோ என்று கேட்பாள். அடுத்த மூச்சில், வந்தால் இன்னும் இரண்டு வருடம் நான் மிளகாய் வறுக்க வேணும் என்பாள். அவளுக்கும் வயது அறுபதை நெருங்குகிறது. பெண் பார்க்கப் போன இடங்களில் பந்து விளையாடுவதை ஒரு உத்தியோகமாக ஒருவரும் ஒப்புக்கொள்ளாததும் அவளுக்கு ஒரு கவலை. அவன் இதை விட வேண்டும் என்று ஒரு மனம், விட்டால் அவன் என்ன ஆவான் என்று ஒரு மனம். நான் எந்த மனத்துக்குப் பதில் சொல்வது?

5

வைத்தியப் பரிசோதனை ஊர்ப் போட்டிக்கு இரண்டு நாளைக்கு முன், வெள்ளிக்கிழமை. இவருக்கு வேலை. நான் கிளினிக்கில் லீவு போட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போனவன் வெகு நேரம் வரவில்லை. நான் காரிலேயே இருந்து, தெரிந்த தேவாரம் எல்லாவற்றையும் இரண்டு வரிக்கு மேல் ஞாபகம் வராமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து காரில் ஏறினான், சீற் பெல்ற்றைப் போட்டான்.

"பெரியம்மா, ரோல்ஸ் விக்கிற கடை கிட்டவோ?"

அவனுடைய முகத்தைப் பார்த்ததும் சரிவரவில்லை என்று விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுப் பக்கத்துத் தமிழ்க் கடைக்கு ஓட்டினேன். சூடாகப் பொட்டலம் கட்டித் தந்தார்கள். கடை வாசலில் நின்ற காருக்குள்ளேயே அகிலன் சாப்பிட்டான். ஒன்று முடிந்து அடுத்ததை எடுத்தான். அவனுடைய விரல்களில் எண்ணெய் மினுங்கியது. எத்தனையோ வருடப் பசி அது. பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, வேறு பக்கம் பார்க்கவும் முடியவில்லை.

"முழங்கால் ஒரு பருவம் தாங்காதாம்" என்றான். "டொக்டர் நல்ல மனுசன். படத்தை வைச்சு ஆறுதலாக் காட்டினவர்."

வேறு வைத்தியர் ஒருவரிடம் காட்டுவோமா, எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று நான் தொடங்கினேன். பல் வைத்தியரின் முன்மேசையில் இருக்கிறவளுக்கு முழங்கால் வைத்தியரை எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

"வேண்டாம் பெரியம்மா. எனக்கு முதலே தெரியும். ஆள் திரும்பிற நேரம் நான் அரை அடி பிந்துறன். மற்றவைக்கு விளங்காது. எனக்கு விளங்கும்."

நான் அழுதேன். அவன் அழவில்லை, கடையில் கை துடைக்கத் தந்த கடதாசித் துண்டை எனக்கு நீட்டினான். தாய்க்குத் தானே சொல்கிறேன் என்றான். பெரியப்பாவுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றான். பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டான். உனக்கு என்ன விசரா, அந்தக் காலோடா என்று நான் ஏசினேன்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தாங்கும்."

அன்று பின்னேரம் இவர் வேலையால் வந்ததும், தான் விளையாட வருவதாக அகிலன் சொன்னான். இவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தான் இரண்டு நாள் பேசாமல் இருந்ததுதான் வேலை செய்திருக்கிறது என்று அவருக்கு நினைப்பு. பிள்ளைகளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று போனில் ரஞ்சனுக்கு விளக்கம் கொடுத்தார். அகப்பையால் ஒன்று போடலாமா என்று எனக்கு இருந்தது. கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

6

நல்ல வெயில். மைதானத்தைச் சுற்றிக் கூடாரங்கள், கொத்துரொட்டித் தட்டுகளின் சத்தம், ஒலிபெருக்கியில் யாரோ ஒரு கார் இலக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி எடுக்கச் சொன்னார்கள். விட்பியில் இருந்து மதுராவும் வந்திருந்தாள். அகிலனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்து ரஞ்சன் ஒரு சட்டையை நீட்டினார். பத்தாம் இலக்கம். முன்வரிசை நடுவில் நீங்கள்தான் தம்பி என்றார்.

தான் பின்வரிசைக்காரன் என்று அகிலன் சொன்னான். ரஞ்சன் அதைக் கேட்கிற மனுசன் இல்லை. இவரும் சேர்ந்துகொண்டார். பிரான்சில் இருந்து வந்த விருந்தாளியைக் கொண்டுபோய்ப் பின்னுக்கு விடுவதா, ஊர் காறித் துப்பாதா என்பது அவர்களுடைய நியாயம். கலியாண வீட்டில் பெரிய மனுசரைப் பின்வரிசைக் கதிரையில் இருத்துவதில்லை, அதே கணக்கு. அகிலன் மறு பேச்சுப் பேசாமல் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

இறங்குவதற்கு முன் நேரே என்னிடம் வந்தான். கையில் போன்.

"பிடியுங்கோ பெரியம்மா. அம்மா பாக்கப்போறா."

போனுக்குள் வதனி இருந்தாள். அங்கே இரவு எட்டு மணி இருக்கும், கோடை என்பதால் அவளுக்குப் பின்னால் யன்னலில் இன்னும் வெளிச்சம். முகம் வீங்கிப்போய் இருந்தது. சொல்லிவிட்டான் என்று எனக்கு விளங்கியது. பார்க்கப்போகிறாயா என்று கேட்டேன்.

"இனிப் பாக்கலாம்தானே, அக்கா" என்றாள்.

முதல் பாதியை எழுதவே கூச்சமாக இருக்கிறது. முன்னுக்கு நின்ற அகிலன் தெரியாத வீட்டுக்குள் வந்தவன் மாதிரித் தடுமாறினான். பந்து வந்தால் பின்னால் திரும்பிக் கொடுத்தான். கோலுக்கு முன்னால் கிடைத்த ஒன்றை வானத்துக்கு அடித்தான். பக்கத்து ஊர்ச் சனம் கைதட்டிச் சிரித்தது. உவர் பிரான்ஸோ, இஞ்சை பக்கத்திலை இருக்கிற பிராம்ப்டனோ என்று ஒருவர் எனக்குக் கேட்கவே சொன்னார். அந்த நேரம் பார்த்து எங்கள் பின்வரிசை திறந்த படலையாய்க் கிடக்க, அவர்கள் ஒன்றை அடித்துவிட்டார்கள். வதனி குரலைத் தாழ்த்தி, உண்மையாக இதைச் செய்துதானா இவன் இவ்வளவு காலம் உழைத்தான் என்று என்னைக் கேட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

இடைவேளையில் அகிலன் இவரிடம் வந்து, தான் பின்னுக்குப் போகிறேன் என்றான். இவர் இன்னும் விடவில்லை. சனம் என்ன சொல்லும், ஒரு கோல் பிந்தி நிற்கிறோம், இப்போது போய்ப் பின்னுக்கு நிற்பதா என்று கையை ஆட்டிக்கொண்டு கதைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவரை ஒரு பக்கமாக இழுத்தேன்.

"விடுங்கோ. இது அவன்ரை கடைசி மட்ச்."

வெள்ளிக்கிழமை நடந்ததை இரண்டு வசனத்தில் சொன்னேன். இவர் அகிலனின் முழங்காலைப் பார்த்தார், என் கையில் இருந்த போனைப் பார்த்தார். உள்ளே வதனி இருந்தாள். மனுசனுடைய முகத்தில் இருந்த தலைவர்க் களை எல்லாம் இறங்கிப் போய்விட்டது. ரஞ்சனிடம் போய், தம்பி, அவன் தன்ரை இடத்திலை நிக்கட்டும் என்று மட்டும் சொன்னார். பிறகு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். அன்று முழுக்க அவர் திரும்ப ஒலிபெருக்கிப் பக்கம் போகவில்லை.

இரண்டாவது பாதி தொடங்கியது. நான் போனைப் பந்தின் பக்கம் திருப்பவில்லை, அவனையே காட்டினேன். வதனிக்கு அது விளங்கவில்லை. பந்து எங்கேயோ போகிறது, நீ ஏன் இவனைக் காட்டுகிறாய் என்றாள். பந்தைப் பார்த்தால் இவனைக் காண மாட்டாய், கொஞ்சம் பொறுத்திரு என்றேன்.

அகிலன் நடந்துகொண்டிருந்தான். இரண்டு அடி இடப்பக்கம், ஒரு அடி பின்னுக்கு. பிறகு வாயைத் திறந்தான். அந்தக் குரல் மைதானத்தின் மற்றக் கரை மட்டும் கேட்டது. பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். எங்கள் பின்வரிசையில் நின்றவர்கள் லொறி ஓட்டுகிறவர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், போன கிழமைதான் முதுகுப் பிடிப்புக்கு மருந்து எடுத்தவர்கள். அவன் கை காட்டிய பக்கம் எல்லாரும் ஒன்றாக அசைந்தார்கள். பக்கத்து ஊர்ப் பெடியள் பந்தைக் கொண்டு வந்தார்கள், வழி இல்லாமல் திரும்பினார்கள், திரும்ப வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"உது ஆற்றை குரல்?" என்று வதனி கேட்டாள்.

"உன்ரை மகன்ரை."

"வீட்டிலை கறிக்கு உப்பு இல்லையெண்டாலும் சொல்லாதவன்."

போனுக்குள் அவளுடைய முகம் திரைக்குக் கிட்டக் கிட்ட வந்து, கடைசியில் கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. இருபது வருடம் அவள் அடக்கிவைத்திருந்த பார்வை அது. பார்க்கப் பார்க்க அவளுக்கும் ஏதோ பிடிபட்டுவிட்டது. "அக்கா, அந்தப் பக்கத்தாலை ஒருத்தன் தனிய வாறான், சொல்லு அவனுக்கு" என்று பதறினாள். நான் வாயைத் திறப்பதற்குள், ஆ, கண்டிட்டான் என்றாள். அகிலன் அங்கே போய் நின்றிருந்தான். வந்தவன் பந்தை வேறு பக்கம் கொடுத்துவிட்டான். சுற்றி நின்றவர்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. என் தங்கை பாரிசில் ஒரு குசினியில் இருந்துகொண்டு கவனித்தாள்.

கடைசி நிமிடங்களில் அவன் நொண்டத் தொடங்கினான். நொண்டிக்கொண்டே இடம் மாறினான். நாங்கள் திருப்பி ஒரு கோலும் அடிக்கவில்லை. வழக்கம்போலத் தோற்கப்போகிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் சனத்தில் பாதிப் பேர் கூடாரத்தைக் கழற்றத் தொடங்கினார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று வதனி கேட்டாள். முடியப்போகுது என்றேன்.

"எங்கடை ஊர் ஆக்கள்தானே அங்கை நடத்துகினம்" என்றாள். "அத்தானிட்டைச் சொல்லு, அக்கா. இன்னும் கொஞ்ச நேரம் அவனை விளையாட விடச் சொல்லு."